சென்னையிலிருந்து ஊட்டி: ஐம்பது நிமிடமும் ஐம்பது கிலோமீட்டரும்

ஊட்டிக்குப் போகப்போகிறேன் என்று சென்னையில் யாரிடம் சொன்னாலும் இரண்டு கேள்விகள் வரும். எவ்வளவு தூரம்? ஃபிளைட்டில் போனால் எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் சுமார் 430 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம், குன்னூர் என்று சாலை வழியே போனால் 550 முதல் 560 வரை. மேட்டுப்பாளையம் வரை பெரிய ரயில், அதற்குமேல் மலை ரயில் என்று தண்டவாளத்தைக் கூட்டினால் 575-ஐத் தொடும்.

இரண்டாவது கேள்விக்கு அப்படிச் சட்டென்று விடை சொல்ல முடியாது. ஊட்டியில் விமான நிலையம் இல்லை. ஊட்டிக்கு விமானத்தில் போகிறோம் என்றால் கோவைக்குப் போகிறோம் என்றுதான் பொருள். கோவையில் இறங்கும்போது மலை இன்னும் தொடங்கியிருக்காது. மலையூருக்குப் பயணம் திட்டமிடும் பலர் இந்த இடத்தில்தான் கணக்கைக் கோட்டைவிடுகிறார்கள். விமான நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, காலையில் கிளம்பி மதியம் ஏரியில் படகு விடலாம் என்று நினைக்கிறார்கள். மலையூரின் தூரத்தை அளக்கவேண்டிய விதம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வானத்தில் ஐம்பது நிமிடம்

சென்னை விமான நிலையத்துக்கும் கோவை விமான நிலையத்துக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 405 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஒரு மணி பத்து நிமிடம் என்று போட்டிருக்கும். விமானம் நிறுத்திய இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் போய் நிற்பது வரையான நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதையும், வரிசையில் காத்திருப்பதையும், இறங்கியபின் ஊர்ந்து வருவதையும் கழித்தால் உண்மையில் வானத்தில் இருப்பது ஏறத்தாழ ஐம்பது நிமிடம். மேலே ஏறிச் சமநிலைக்கு வந்து, காபி கொடுத்துக் கோப்பையைத் திரும்ப வாங்குவதற்குள் தரையிறங்கப்போகும் அறிவிப்பு வந்துவிடும்.

அந்த ஐம்பது நிமிடத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. பகல் விமானத்தில் வலப்பக்க ஜன்னலோர இருக்கை கிடைத்தால் தமிழ்நாட்டின் குறுக்குவெட்டையே பார்த்துக்கொண்டு போகலாம். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிகள் வெள்ளித் தகடுகளாகக் கிடக்கும். பிறகு சமவெளியின் நடுவே ஜவ்வாது மலை, சேர்வராயன் என்று தனித்தனி மலைத் தீவுகள் எழும். அப்புறம் காவிரி. கோவையை நெருங்கும்போது வானம் தெளிவாக இருந்தால் வடமேற்கில் ஒரு நீலச் சுவர் தெரியும். சேர்வராயனைப் போல ஒரு மேடு என்று அதைச் சொல்ல முடியாது. தொடுவானத்தையே மறைத்து நிற்கும் சுவர் அது. நீலகிரி என்ற பெயர் ஏன் வந்தது என்று அந்த நொடியில் யாரும் விளக்கத் தேவையிருக்காது.

இனி முழுக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போக ஒரு மணி நேரம். புறப்பாட்டுக்கு அறுபது நிமிடம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள் என்பதால், பாதுகாப்புச் சோதனையையும் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட வேண்டும். விமானம் ஒன்றேகால் மணி. கோவையில் பெட்டியை எடுத்து வெளியே வர அரைமணி. அங்கிருந்து வாடகைக் காரில் 90 கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். ஆக ஏழேகால் முதல் ஏழேமுக்கால் மணி நேரம். அதில் வானத்தில் பறப்பது ஒன்பதில் ஒரு பங்கு.

மே மாதச் சீசனில் அந்த மூன்று மணி நேரம் ஐந்தாகும். விமானத்தில் மிச்சம்பிடித்த நேரம் முழுவதும் மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் மலைச்சாலையில் கரைந்துவிடும்.

தூரத்தை மீட்டரில் அளப்பது

இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னை கடல்மட்டத்தில் இருக்கிறது. 500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்தின் உயரம் 326 மீட்டர். அதாவது அத்தனை தூரத்துக்கும் நாம் ஏறியது வெறும் 326 மீட்டர்தான். அங்கிருந்து ஊட்டிக்குச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஊட்டி நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஐம்பது கிலோமீட்டருக்குள் 1,900 மீட்டர் ஏற வேண்டும்.

பயணத்தில் பத்தில் ஒன்பது பங்கு தூரம் சமதரை, கடைசிப் பங்குதான் மலை. விமானமோ, ஆறுவழிச் சாலையோ, வந்தே பாரத்தோ, அவை அனைத்தும் அந்த ஒன்பது பங்கைத்தான் சுருக்குகின்றன. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத், ஏறத்தாழ 495 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. பெரிய சாதனைதான். ஆனால் கடைசி ஐம்பது கிலோமீட்டரை யாராலும் சுருக்க முடியவில்லை. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் சாலை நேராகப் போக முடியாது. சரிவு தாங்கும்படி மலையை வளைத்து வளைத்துத்தான் போட முடியும்.

நீலகிரிக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை இது. கொடைக்கானலுக்கு மதுரைவரை விமானம், பிறகு மலைச்சாலையைச் சேர்த்து 120 கிலோமீட்டர். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், அதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். டார்ஜிலிங் போகிறவர் பாக்டோக்ராவில் இறங்க வேண்டும். இந்தியாவின் மலையூர்கள் பலவற்றுக்கு விமானம் அடிவாரத்தோடு நின்றுவிடும்.

விமானம் ஏன் மலைமேல் போவதில்லை

"ஊட்டியிலேயே ஒரு ஏர்போர்ட் கட்டிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நூற்றெண்பது பேர் ஏறும் விமானம் இறங்க ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சமதரை வேண்டும். கோவையின் ஓடுபாதையே மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுத்தான் குறைவு. நீலகிரியில் அப்படி ஒரு சமதரை வேண்டுமென்றால் ஒரு மலைமுகட்டை வெட்டி ஒரு பள்ளத்தாக்கை நிரப்ப வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே விமானத்துக்கு இன்னும் நீளமான ஓடுபாதை தேவைப்படும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மேகம். சமவெளியிலிருந்து மேலேறும் ஈரக்காற்று மலைச்சரிவில் குளிர்ந்து மூடுபனியாகிறது. குன்னூர்ப் பக்கத்தில் பத்து நிமிடத்தில் எதிர்மலை காணாமல் போகும். நீலகிரிக்காரர்கள் அதை ரசிப்பதில்லை, அதற்கு வழிவிட்டு வாழ்கிறார்கள்.

2021 டிசம்பர் 8-ஆம் தேதியை இந்த மலை மறக்காது. கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து முற்பகல் 11.48-க்குக் கிளம்பிய எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர், 12.15-க்குக் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். இருபத்தேழு நிமிடப் பயணம். காட்டேரி அருகே நஞ்சப்பச்சத்திரத்தில் அது விழுந்தது. பதினான்கு பேரும் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் ஒரு வாரம் போராடிய பிறகு. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானிக்குத் திசையுணர்வு தவறியது என்று விசாரணை முடிவு சொன்னது. பயிற்சி பெற்ற விமானப்படை விமானிக்கே அந்த மேகம் கண்ணைக் கட்டியது. முதலில் ஓடிப் போனவர்கள் அந்த ஊர் மக்கள். தண்ணீரையும் போர்வையையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மலைமேல் பறக்கும் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் கணக்கிடக் கூடாது என்பதற்கு அதைவிடக் கனமான சான்று வேண்டாம்.

பல்லக்கிலிருந்து பல்சக்கரம் வரை

இதே தூரம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்ப்பது நல்லது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலைமேல் ஏறினார். கோத்தகிரிப் பக்கம் திம்பட்டியில் தங்கினார். பிறகு ஊட்டியில் கல்வீடு கட்டினார், ஏரியை உண்டாக்கினார். அவர் போவதற்கு முன்பே அங்கே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் வாழ்ந்தார்கள். அவர்களுடைய காலடிப் பாதைகள் மலையெங்கும் இருந்தன. அவர்களுக்கு ஊட்டி எந்த ஊரிலிருந்தும் தூரத்தில் இருக்கவில்லை. அது அவர்கள் ஊர்.

1834-இல் மெக்காலே கப்பலில் சென்னையில் வந்திறங்கியபோது, கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஊட்டியில் இருந்தார். அவரைப் பார்க்க மெக்காலே பெங்களூர், மைசூர் வழியாகச் சுமார் நானூறு மைல் போனார். முழுத் தூரமும் பல்லக்கில், மனிதர்களின் தோளில். நாம் ஐம்பது நிமிடத்தில் கடக்கும் வானத்துக்குக் கீழே, பெயர் தெரியாத எத்தனையோ தோள்கள் மாறி மாறிச் சுமந்த தூரம் அது. கோடைக்குக் குளிர்ந்த இடம் தேடிய ஆட்சியாளர்களின் சௌகரியத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் ஊட்டியின் தூரக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

1873-இல் ரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியது. அதன் பிறகு மேட்டுப்பாளையத்துக்கு மேலேதான் கஷ்டம். மலை ரயில் வேண்டும் என்ற யோசனை 1854-லேயே எழுந்தது. வேலை தொடங்கியது 1891-இல். குன்னூர்வரை ரயில் ஓடியது 1899-இல். ஊட்டியைத் தொட்டது 1908-இல். ஒரு யோசனை 46 கிலோமீட்டர் ஏற ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாறில் பல் பிடிக்கும் இடம்

மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மலை ரயில் கிளம்புகிறது. சென்னை சென்ட்ரலில் முந்தைய இரவு ஒன்பது மணிவாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்குள் வந்துவிடும். இறங்கி, பல் விளக்கி, ஒரு இட்லியும் காபியும் சாப்பிட நேரம் இருக்கும். பக்கத்து நடைமேடையில் நீலமும் வெள்ளையுமான சின்னப் பெட்டிகள் நிற்கும். எஞ்சினைத் தேடி முன்னால் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அது பின்னால் இருக்கும். இந்த ரயிலை எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது.

பவானி ஆற்றைக் கடந்து பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரை ரயில் சாதாரண ரயில்போல்தான் ஓடும். கல்லாறு தாண்டியதும் வேகம் இறங்கி நடைவேகத்துக்கு வந்து, அடியில் ஒரு உலுக்கல். கடகடவென்று ஒரு புதிய சத்தம் தொடங்கும். அதுதான் பல் பிடிக்கும் இடம்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டாமல், நிலையத்தில் நிற்கும்போதே தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு கனத்த இரும்புப் பட்டைகள் அருகருகே ஓடும். இரண்டிலும் ரம்பம்போல் பற்கள். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்கும். எஞ்சினின் அடியில் இருக்கும் பல்சக்கரங்கள் இவற்றைக் கவ்விக்கொண்டு ஏறுகின்றன. இப்படி மாற்றி மாற்றி அமைத்திருப்பதால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை இது. சாதாரண ரயில் சக்கரம் வழுக்கும் சரிவில், ஏறத்தாழ பன்னிரண்டு மீட்டர் முன்னேறினால் ஒரு மீட்டர் உயரும் சரிவில், இந்தப் பற்கள்தான் ரயிலைத் தூக்கிக்கொண்டு போகின்றன.

ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் பிரேக்ஸ்மேன் நிற்பார். கையில் பச்சை, சிவப்புக் கொடி. பின்னாலிருக்கும் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேனின் கண்தான் அவருடைய கண். அவர் கொடியசைப்பதை அடுத்தவர் பார்த்துத் தன் கொடியை அசைக்க, அது வரிசையாகப் பின்னால் போகும். கணினியும் செயற்கைக்கோளும் விமானத்தை வழிநடத்தும் இந்தக் காலத்தில், மூன்று நான்கு மனிதர்களின் கைகள் ஒருவரையொருவர் நம்பி ஒரு ரயிலை மலையேற்றுகின்றன. பார்க்கப் பார்க்க மரியாதை கூடும் வேலை.

ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்புவார்கள். பயணிகள் இறங்கி டீ குடிக்க, குரங்குகள் பெட்டிக்குள் ஏறி பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும். பதினாறு சுரங்கங்கள், இருநூற்றைம்பது பாலங்கள், இருநூற்றெட்டு வளைவுகள். குன்னூரில் பல்தண்டவாளம் முடிந்து டீசல் எஞ்சின் பொறுப்பேற்கும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போய் உச்சிப்பொழுதில் ஊட்டி. 46 கிலோமீட்டருக்கு நாலே முக்கால் மணி நேரத்துக்கு மேல். சராசரி வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் குறைவு. இறங்கும்போது மூன்றரை மணி நேரம். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்த எஞ்சின்களுக்கு வாரிசாக, திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர்களே புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எப்போதோ ஓய்வு பெற்றிருக்கவேண்டிய ஒரு தொழில்நுட்பத்தைக் கைத்திறனாலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

பேருந்தின் முன்சீட்டு

ரயிலில் இடம் கிடைக்கவில்லையென்றால் அரசுப் பேருந்து இருக்கிறது. முன்பதிவு தொடங்கியதுமே மலை ரயில் இடங்கள் தீர்ந்துவிடும் என்பதால் பெரும்பாலோருக்கு அதுதான் வழி. கோவையில் மேட்டுப்பாளையம் சாலைப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி வண்டி உண்டு. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம்வரை பாசஞ்சர் ரயிலில் வந்து அங்கே பேருந்து மாறுகிறவர்களும் உண்டு.

கல்லாறு தாண்டியதும் மலைச்சாலை தொடங்கும். குன்னூருக்குள் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஓட்டுநரைக் கவனியுங்கள். வளைவுக்கு முன்பே ஒருமுறை ஹாரன், கியரைக் குறைத்து, வண்டியைச் சாலையின் வெளிவிளிம்புக்குக் கொண்டுபோய், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிப்பார். எதிரே இறங்கும் வண்டி மேலேயே நின்று காத்திருக்கும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைச்சாலையின் சட்டம். சரிவில் நின்றுவிட்டு மறுபடி கிளம்புவது பாரவண்டிக்கு எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் செய்த சட்டம் அது. சமவெளியிலிருந்து சொந்தக் காரில் வருகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் வாருங்கள் என்று வழியெங்கும் எழுதி வைத்திருந்தும், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்து, அது சூடேறிக் கருகிய ரப்பர் வாசனை அடிக்க ஓரத்தில் நிற்கும் கார்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். பிரேக் பிடிக்காமல் போய் உயிர்களே போயிருக்கின்றன.

ஏறும்போது மாறுவது உயரம் மட்டும் இல்லை. கல்லாறில் பாக்கு மரம். பர்லியாறில் பலாவும் மங்குஸ்தானும் துரியனும் சாலையோரக் கடைகளில். 1871-இல் தொடங்கிய அரசுப் பழப்பண்ணை இன்றும் அங்கே இருக்கிறது. அதற்குமேல் காபி, குன்னூரை நெருங்கத் தேயிலை. ஊட்டிப் பக்கம் யூகலிப்டஸ், அதற்கிடையே எஞ்சிய சோலைக்காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொது விதி. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வருவதற்குள் பன்னிரண்டு டிகிரி குறைந்துவிடும். மே மாதத்தில் கீழே சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, மேலே ஸ்வெட்டரைத் தேடுவோம். ஜன்னலைத் திறந்து வைத்து ஏறுகிறவர் இந்தப் பன்னிரண்டு டிகிரியையும் ஒவ்வொன்றாகத் தோலில் உணர்வார். ஏ.சி. காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கி வருகிறவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

வேகமாகப் போவதைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரண்டே நாள் விடுப்பு கிடைத்தவர்கள் விமானத்தில் வரட்டும். தவறே இல்லை. ஆனால் கடைசி ஐம்பது கிலோமீட்டரை ஒரு தொல்லையாக, கழித்துவிடவேண்டிய மிச்சமாக நினைத்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். மலைக்குப் போவது என்பதே அந்த ஐம்பது கிலோமீட்டர்தான். ஊட்டிக்குள் ஏரியும் தாவரவியல் பூங்காவும் ரோஜாத் தோட்டமும் இருக்கின்றன. அவை அழகானவை. ஆனால் மலை என்றால் என்ன என்று காட்டுவது அங்கே ஏறி வந்த வழிதான்.

மலை தாங்கும் அளவு

அந்த வழி இன்று மூச்சுத் திணறுகிறது. நகரத்திலிருந்து வரும் தூரம் குறையக் குறைய மலைக்கு வரும் வண்டிகள் பெருகுகின்றன. நான்குவழிச் சாலையும் அதிக விமானங்களும் அடிவாரம்வரை கூட்டத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அதற்குமேல் அதே பழைய பதினான்கு வளைவுகள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று போலீசார் ஒருவழிப்பாதை ஆக்குகிறார்கள். அப்படியும் போதவில்லை.

சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கியது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தது. வியாபாரிகளும் விடுதிக்காரர்களும் கவலைப்பட்டார்கள். அவர்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, சீசன்தான் அவர்களுக்கு வருஷச் சோறு. ஆனால் நெரிசலில் ஆம்புலன்ஸ் நகர முடியாமல் நிற்பதையும், ஊர்க்காரர்கள் குடிதண்ணீருக்குத் தவிப்பதையும் பார்த்தவர்கள், ஏதாவது ஓர் எல்லை வேண்டும் என்றுதான் சொல்வார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து ரயில் பாதையும் சாலையும் அடிக்கடி மூடப்படுவதும், இந்த மலை எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் வருடாவருடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆகவே போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நேரத்தைக் கணக்கிடும்போது விமானத்துக்கு ஒன்றேகால் மணி, மலைக்குக் குறைந்தது மூன்று மணி என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். மாலை விமானத்தில் வந்தால் அன்றிரவு கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிட்டு விடியற்காலையில் ஏறுங்கள், இருட்டில் மலையேறி எதைப் பார்க்கப்போகிறீர்கள்? தலைசுற்றுகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிடாமல் ஏறுங்கள், முன்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள், நீலகிரியில் அதற்குத் தடை. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் குன்னூர்–ஊட்டி ரயிலையாவது முயன்று பாருங்கள், அதில் இடம் கிடைப்பது எளிது. சொந்தக் காரில் வந்தாலும் அதை மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்திவிட்டு மேலே பொதுப்போக்குவரத்தில் போங்கள். ஒரு பேருந்து ஏற்றும் ஐம்பது பேரை ஏற்ற காராக இருந்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வேண்டும்.

காரில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்திலும் ரயிலிலும் போகிறவருக்கு அது தேவையில்லை, டிக்கெட் எடுத்தால் போதும்.